அருளால் மீட்பு

மனிதர் அடையும் மீட்பு அவர்களது புண்ணியத்துக்குரிய கூலி அன்று, இயேசு கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் தரும் கொடை என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. விவிலியத்தில் எபேசியர் 2:8-9 இதற்கு முதன்மைச் சான்று. 1618-19இல் கூடிய டோர்ட் மாமன்றமும், மனித முயற்சிக்கு முன்பே அருள் செயல்படுகிறது என டச்சுச் சீர்திருத்தச் சபைக்கு வரையறுத்தது.

செயலுக்குப் பலனில்லை என்றால் ஒழுக்கம் குலையாதா என்பது பழைய மறுப்பு. அது நிற்காது: எபேசியரில் அடுத்த வசனமே நற்செயலை மீட்பின் விளைவாக வைக்கிறது, யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிப்பதும் செயலற்ற நம்பிக்கையைத்தான். இக்கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017இல் அதில் இணைந்தது.