காலித் தோட்டாக்களின் கணக்கு

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் மேற்கே திரும்புகிறார்கள். நடராஜர் அங்கேதான் இருக்கிறார். நான் சென்ற முறை போனபோது கிழக்கே திரும்பினேன். கோயிலுக்குப் போகாமல் என்ன யாத்திரை என்று வாசகர்கள் கேட்கலாம். இதுவும் ஒருவகை யாத்திரைதான். அண்ணாமலை நகரில், சர்வகலாசாலையின் நுழைவாயிலருகே, ராஜேந்திரன் என்ற மாணவனுக்கு ஒரு சிலை உண்டு. 1965 ஜனவரி 27ஆம் தேதி போலீசாரின் குண்டுக்குப் பலியானவன் அவன். ஊர் சிவகங்கை. படிக்க வந்த இடத்தில் சிலையாகிவிட்டான்.

அந்த ஜனவரியைப் பற்றி நான் பெரியவர்கள் வாய்ச்சொல்லாகவும் புத்தகங்களிலும் அறிந்திருக்கிறேனே தவிர, நேரில் கண்டவனல்லன். அரசியல் சாசனம் அமலுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் நிறைந்ததும், அதாவது 1965 ஜனவரி 26 முதல், ஹிந்தியே மத்திய சர்க்காரின் ஆட்சி மொழி என்று ஏற்பாடு. அதற்கு முதல் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் துப்பாக்கி பேசியது. பிறகு மாகாணம் முழுவதும் பேசியது. மாண்டவர்கள் சுமார் 70 பேர் என்பது சர்க்கார் தரப்புக் கணக்கு. ஜனங்களின் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது கதாசிரியனுக்கு அழகல்ல. அதே பிப்ரவரியில் திருப்பூரில் இரண்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்களை ஜனக்கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. அவர்களுக்கும் வீடு இருந்தது. வாசலில் காத்திருக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். கல்மழையின் நடுவே காக்கிச் சட்டையோடு நிற்பவனுடைய வயிற்றுக் கலக்கத்தை, நாற்காலியில் சாய்ந்து கட்டுரை எழுதுகிற என்னால் அளக்க முடியாது. சுடவே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. சுட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதே என் விசாரம்.

இந்த விஷயத்தில் எனக்கு முதற்பாடம் சொன்னவர் என் பெரிய மாமா. ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தவர். மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும்போது பழைய கட்டுகளை மனத்திலேயே அவிழ்ப்பார்.

“மாப்ளே, துப்பாக்கி வெடிச்சு ஓஞ்சதும் மொதல்ல என்ன செய்வாங்கன்னு நெனைக்கிற?” என்று ஒருநாள் கேட்டார்.

“அடிபட்டவனைத் தூக்குவாங்க, மாமா.”

“தூக்குவாங்க, தூக்குவாங்க. அதோட கூடவே காலித் தோட்டாவெப் பொறுக்குவாங்க. எத்தனை ரவுண்டு எடுத்துக்கிட்டுப் போனான், எத்தனை சுட்டான், மீதி எத்தனைன்னு கணக்கு ஒப்படைக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் அந்த ஏட்டுக்குத் தூக்கம் கிடையாது.”

சொல்லிவிட்டு எழுந்து போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா சொன்னது விதிப் புத்தகத்தில் உள்ளதுதான். முதலில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். தடியாலும் புகையாலும் முடியாதபோதுதான் துப்பாக்கி. தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சுடலாகாது. தாழ்வாகக் குறி வைக்க வேண்டும். கூட்டம் கலைந்த கணமே நிறுத்த வேண்டும். ஸ்தலத்தில் மாஜிஸ்திரேட் இருந்தால் உத்தரவு அவருடையது. மாஜிஸ்திரேட் என்றதும் கறுப்பு அங்கி போட்ட நீதிபதியை நினைத்துவிடாதீர்கள். பல சமயம் அவர் ஒரு தாசில்தார்; அல்லது அவருக்கும் கீழே ஒருவர். நேற்றுவரை பட்டா மாற்றத்துக்கும் வருமானச் சான்றுக்கும் கையெழுத்துப் போட்ட அதே பேனாவை, இன்று இன்னொரு காகிதத்தில் வைக்க வேண்டியவர். அந்த மனிதரைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. இன்னும் தைரியம் வரவில்லை.

விதிகளில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1898ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் 132ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கூட்டத்தைக் கலைக்கச் செய்த காரியத்துக்காக ஓர் உத்தியோகஸ்தர்மீது வழக்குத் தொடர வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் போனான். 1973இல் நாமே புதுச் சட்டம் எழுதினோம். பிரிவு அதே எண்ணிலேயே தங்கிற்று. 2023இல் மறுபடியும் புதுச் சட்டம், அதற்குப் புதுப் பெயர். பிரிவு 151 என்று எண் மட்டும் மாறிற்று. சுட்டவர் யாருடைய ஆளோ, அவரிடமே போய், “உங்கள் ஆள்மீது வழக்குப் போடலாமா?” என்று கேட்க வேண்டும்.

ஜாலியன்வாலாபாக்கில் 1,650 ரவுண்டு சுட்டதாக டயரே விசாரணைக் கமிட்டியில் ஒப்புக்கொண்டான். அங்கும் தோட்டாக் கணக்கு தப்பவில்லை. அதிகார பூர்வமாகச் செத்தவர்கள் 379. டயர் உத்தியோகத்தை இழந்தானே தவிர, கூண்டில் ஏறவில்லை. அந்நியன் அப்படித்தான் செய்வான் என்று நாம் சொல்லிக்கொண்டோம்.

நம்மவர்கள் ஆண்டால்? இந்தக் கேள்வியை நேருக்கு நேராகக் கேட்டவர் ஒருவரே எனக்குத் தெரிய இருந்தார். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கிளர்ச்சி செய்த தமிழர்கள்மீது திருவிதாங்கூர்-கொச்சிப் போலீசார் சுட்டார்கள். அப்போது அங்கே ஆட்சி பிரஜா சோஷலிஸ்ட் கட்சியுடையது. முதல் மந்திரி பட்டம் தாணுப்பிள்ளை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியா உத்தரப் பிரதேசத்தில் நைனி ஜெயிலில் இருந்தார். சிறைக்குள்ளிருந்தே தம் சொந்தக் கட்சி மந்திரிசபைக்குத் தாக்கீது அனுப்பினார்: ராஜினாமா செய்யுங்கள், நீதி விசாரணை நடக்கட்டும் என்று.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். எதிர்க்கட்சி ஆளும்போது விசாரணை கேட்பது யாருக்கும் கைவந்த கலை. நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கேட்டாரே! கட்சி கேட்கவில்லை. லோகியா பதவியை விட்டார். அடுத்த ஆண்டு கட்சியே பிளந்தது. 1956 நவம்பர் முதல் தேதி அந்தத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. செத்தவர்கள் கேட்டது கிடைத்தது. லோகியா கேட்டது கிடைக்கவில்லை.

சிதம்பரத்துக்கு வருவோம். ராஜேந்திரனுடைய ரத்தமும் அவனைப் போன்றவர்களுடைய ரத்தமும் 1967 தேர்தலில் வாக்குச் சீட்டாக மாறின. காங்கிரஸ் போயிற்று, தி. மு. கழகம் வந்தது. மூன்றே வருஷத்தில், 1970 ஜூனில், பெருமாநல்லூரில் விவசாயிகள் மூவர் போலீஸ் குண்டுக்கு மாண்டார்கள். 1971இல், அண்ணாமலை சர்வகலாசாலையில் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிய சமயத்தில், எதிர்ப்புக் காட்டிய மாணவர்கள்மீது தடியடி நடந்தது. பிறகு குளத்தில் ஒரு மாணவனின் பிணம் மிதந்தது. உதயகுமார் என்றார்கள். பெற்ற தகப்பனாரே, “இது என் மகன் அல்ல” என்றார். ஒரு தகப்பன் அப்படிச் சொல்வதற்கு அவன் மனசு எந்த நெருப்பைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, அது உதயகுமாரின் உடலே என்று முடிவு சொல்லிற்று. ராஜேந்திரன் விஷயத்தில் சர்க்காரைக் கேட்ட கேள்வியை, அதே வளாகத்தில், அன்று கேட்டவர்களைப் பார்த்தே ஏழு வருஷத்துக்குள் கேட்க வேண்டி வந்தது.

இது ஒரு கட்சிக்குரிய நோயுமல்ல. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்தபோது ஆண்டவர் எம்.ஜி.ஆர். அப்போது கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் சாலையோர மரங்கள் சாய்ந்தன, மனிதர்களும் சாய்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்கள் 21 பேர், பலர் துப்பாக்கிச் சூட்டில். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவர்களுக்கு மணிமண்டபம் திறந்தார்கள். திறந்தது சர்க்கார். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் சுட்டதும் சர்க்கார்தான். கொடி மட்டும் வேறு. சிலை வைப்பதில் நமக்கு ஈடு இணை கிடையாது. சிலைக்கு 132ஆவது பிரிவின் அனுமதி தேவையில்லை.

தூத்துக்குடி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போனவர்களில் 13 பேர் குண்டடிபட்டு மாண்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. போலீசார் 17 பேர்மீதும், அன்றைய கலெக்டர்மீதும், துணைத் தாசில்தார்கள்மீதும் நடவடிக்கை எடுக்க அது சொல்லிற்று. துணைத் தாசில்தார்கள்! அந்த வார்த்தையைப் படித்ததும் மாமாவின் திண்ணை ஞாபகம் வந்தது. அறிக்கை இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, பக்கங்கள் ஏராளம். குற்றக் கூண்டுதான் காலியாக இருந்தது.

சிலையைப் பார்த்துவிட்டு அருகிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சிலை யாருடையது என்று தெரியாதவன் போல விசாரித்தேன்.

“ராஜேந்திரன் சார். ஹிந்தி போராட்டத்துல சுட்டுட்டாங்க. ஜனவரி வந்தா மாலை போடுவாங்க, எல்லாக் கட்சியும் வரும்.”

“சுடச் சொன்னது யாரு?”

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தார். “போலீசு” என்றார்.

“உதயகுமார்னு ஒரு பையன் இங்கே படிச்சானே, அவன்?”

“எந்த உதயகுமார் சார்?” என்று கேட்டார் அவர்.