கரைப்பான் பசை

நெகிழிப் பரப்பைக் கரைத்து இளக்கி, இரு துண்டுகளின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னச் செய்து, கரைப்பான் ஆவியானதும் அவற்றை ஒரே பொருளாக இறுகவைக்கும் ஒட்டுபொருள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஊற்றுநீரைப் பீலி எனப்படும் பொது நீர்வாய்க்கும் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் கொண்டுசெல்லும் பி.வி.சி. குழாய்களை இணைக்க, டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பானில் பி.வி.சி. பிசினைக் கரைத்த பசையும், பாலிஸ்டைரீன் மாதிரியுருக்களுக்கு அந்நெகிழியைக் கரைக்கும் வேறு பசையும் வேண்டும். கரைப்பானுக்கு எளிதில் இளகாத கறுப்புப் பாலித்தீன் குழாய்க்கு இரண்டுமே உதவா. வெட்டுவாயின் பிசிறை நீக்கி, ஈரம் துடைத்து, இரு பரப்பிலும் மெல்லிதாகப் பூசி, கால்சுற்றுத் திருகலுடன் செருகிச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தல் முறையாகும். ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் கரைப்பான் மெதுவாகவே ஆவியாவதால், சமவெளியில் போதுமான காத்திருப்பு இங்கு போதாது. அவசரப்பட்டு நீர் திறந்தால் இணைப்பு எளிதில் கசியும். ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், அடுப்பெரியும் லயன் காம்பராவுக்குள் (அறைக்குள்) இதைப் பூசுதல் கூடவே கூடாது.