துருசின் வாயும் நீரின் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களிற் சிறுபோகம் செய்வோர், உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களின் நீரையே நம்பியிருப்பர். கோடையிற் குளம் இறங்க இறங்கத் துருசின் வாயால் வெளிப்படும் நீரும் குறையும். அந்நிலையிற் கடைவாய்க்கால் வயலுக்கு எவ்வளவு எட்டும் என்பதே வட்டையில் எழும் வழக்கு. மண்வெட்டியோடு இரவில் வரம்பேறித் தீர்க்க முற்பட்டால், அது பகையாய் முடிவதும் உண்டு.

இவ்வழக்கின் அடியில் ஒரு கணக்கு இருக்கின்றது. துளைவழிப் பாயும் நீரின் வேகம், துளைக்கு மேல் நிற்கும் நீருயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644 இல் வெளியிட்டார். நீருயரம் 16 அடியாயின், நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 32 அடி வேகத்திற் பாயும். 4 அடியாயின் 16 அடி வேகத்திற் பாயும். ஆயின் கூரிய விளிம்புடைய துளையைக் கடந்ததும் நீர்த்தாரை ஒடுங்குவதால், ஒரு சதுர அடித் துளை முறையே 32, 16 கன அடி நீரைத் தருவதில்லை. ஏறத்தாழ 20, 10 கன அடியே தரும். ஆகவே நீருயரம் காற்பங்காகக் குறைந்தபோது பழைய அளவு நீரைப் பெற, வாயை நான்கு மடங்கு திறக்க வேண்டுவதில்லை. இரு மடங்கு போதும். மிகுதியாகத் திறந்தால், அடுத்த முறைக்கென வைத்த நீரே வீணாகும்.

ஆழ்ந்த குளத்தின் அமுக்கத்தை அடக்குவது வேறொரு சிக்கல். பண்டை இலங்கையர் குளக்கட்டின் உட்புறத்தே, செதுக்கிய கருங்கற்களாற் சதுரக் கிணறு போன்ற 'பிசோகொட்டுவ' என்னும் அமைப்பைக் கட்டினர். அது நீரைக் கட்டுப்படுத்தும் அடைப்புக் கிணறு என்பதை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இத்தகைய அறிவு எழுதிய சூத்திரத்திற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

1856 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் கொண்டுவந்த சட்டம், பழைய பாய்ச்சல் வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தது. நல்ல சட்டந்தான், எனினும் நீரை அளக்கும் வழி இல்லாதவிடத்துச் சட்டம் பாதி வேலையே செய்யும். மீதிப் பாதி வட்டவிதானையின் கண்ணளவிலே தங்கியிருந்தது.

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிற் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி மட்டக்களப்பு நகருக்கும் வருகின்றது. குழாய்க்குள் ஓடும் நீரை அளக்கவும் துளையே கைகொடுக்கும். நடுவே துளையிட்ட தகடொன்றைக் குழாயிற் குறுக்கே வைத்தால், தகட்டின் இருபுறத்து அமுக்கங்களும் வேறுபடும். அவ்வேறுபாடு நான்கு மடங்கானால் ஓட்டம் இரு மடங்காயிற்று என்று கொள்ளலாம். துருசின் விதியே இங்கும் விதி. ஆனால் அளப்பதற்கு விலை உண்டு. துளையின் விட்டம் குழாயின் விட்டத்திற் பாதியாயின், அவ்வமுக்க வேறுபாட்டில் ஏறத்தாழ முக்காற்பங்கு மீளாது போய்விடும். நீரை உந்தும் பம்பியே அதனை ஈடுசெய்ய வேண்டும். இவ்விழப்பைக் குறைக்குமாறு, மெல்ல ஒடுங்கி மெல்ல விரியும் வெஞ்சூரிமானியை அமெரிக்கப் பொறியியலாளர் கிளெமென்ஸ் ஹேர்ஷல் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். அது நீண்டது, செலவு மிக்கது, தகடோ மலிவானது. எனவே இரண்டும் இன்றளவும் வழக்கில் உள்ளன.