கண் தசையும் கப்பியும்

உடலின் உள்ளுறுப்புகள் அறுத்துக் காண்பார்க்கே புலனாவன. ஆயினும் அவற்றின் பெயர்கள் பல, புறத்தே யாவரும் காணும் பொருள்களினின்று பிறந்தவை. கண்ணை இயக்கும் தசைகளுள் ஒன்றன் வரலாறு இதற்குச் சான்றாகும். தமிழில் மருத்துவக் கலைச்சொல் ஆக்குவார்க்கு அவ்வரலாறு உணர்த்துவது யாதென ஈண்டு ஆராய்வோம்.

மனிதக் கண் ஒவ்வொன்றையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. அவற்றுள் நேர்தசைகள் நான்கு, சாய்தசைகள் இரண்டு. இவ்வெண்ணிக்கை எளிதில் துணியப்பட்டதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான காலன் விலங்குகளை அறுத்தே உடற்கூறு கண்டார். 1543இல் பெருநூல் வெளியிட்ட வெசேலியசும் கண் தசைகள் ஏழு என்றார். ஏழாவது தசை மாட்டின் கண்ணில் உண்டு, மனிதர்க்கு இல்லை. 1561இல் இத்தாலியரான பலோப்பியோ அப்பிழையைக் களைந்தார். மேற்சாய்தசை செல்லும் வழியையும் தெளிவுபடுத்தினார்.

அத்தசை கண்குழியின் பின்கோடியில் தொடங்கி முன்னோக்கி வருகின்றது. மூக்கை அடுத்த மேல்மூலையில் ஒரு குருத்தெலும்பு வளையத்துள் நுழைந்து, திசை திரும்பி, கண்ணின் மேற்புறத்தைப் பற்றுகின்றது. வளையத்திற்கு மேனாட்டார் இட்ட ‘திராக்லியா’ என்னும் பெயர், கப்பியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

ஏழாயிரம்பண்ணை முதலான கரிசல் ஊர்களில் கமலை இறைத்தாரைக் கண்டவர்க்கு இதன் இயக்கம் விளங்காமற் போகாது. மாடுகள் கிணற்றை விட்டு விலகிச் செல்ல, உருளைமேல் ஓடும் வடம் நீரை மேலே கொணரும். இழுப்பது ஒரு திசை. இயங்குவது பிறிதொரு திசை. கண்ணிலும் தசை பின்னோக்கி இழுக்க, விழியின் மேற்புறம் முன்னோக்கி வருகின்றது. அதனாற் பார்வை தாழ்கின்றது. இத்தசையை இயக்கும் நரம்பு பழுதுற்றவர்க்குப் படியிறங்கும்போதும் நூல் பயிலும்போதும் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றுவது இக்காரணத்தால்தான்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், அவர் முயற்சியால் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழாயிற்று. தமிழ்ச்சொல் முதலாவது, வடசொல் அடுத்தது, ஆங்கில ஒலிபெயர்ப்பு இறுதியானது என்பது அவர் கொண்ட நெறி. எனினும் நூற்பெயரே வடசொற்களால் அமைந்தமை, நெறிக்கும் வழக்கிற்கும் இடையே நின்ற தொலைவைக் காட்டுகின்றது.

கண்ணிலுள்ள வளையம் சுழல்வதன்று. ஆதலின் அதனைக் கப்பி என்றல் பொருந்துமோ எனின், பொருந்தும். கிரேக்கச் சொல்லும் வடிவு நோக்கி அமையாது தொழில் நோக்கியே அமைந்தது. ஒலிபெயர்ப்பைக் கற்கும் தமிழ் மாணவன் பெயரை மட்டும் அறிவான்; ‘கப்பி’ எனக் கேட்பவன் அத்தசையின் தொழிலையும் உடன் அறிவான். கலைச்சொல் தேடுவார் அகராதியைப் புரட்டுமுன் கிணற்றடியையும் நோக்குதல் தகும்.