ஏட்டில் எழுதிய எல்லை: லினக்ஸ் கெர்னலில் சாதன முகவரி ஒதுக்கீடு

32 பிட் இயங்குதளம் ஓடும் கணினியில் 4 கிகாபைட் நினைவகம் பூட்டினாலும் பெரும்பாலும் மூன்றேகாலுக்கு அருகில்தான் காட்டும். கணினி திருத்தும் கடைகளில் ஒரு காலத்தில் அடிக்கடி எழுந்த முறைப்பாடு இது. நினைவகத்தில் பழுதில்லை, முகவரிப் பரப்பின் ஒரு பகுதியை வீடியோ அட்டை முதலான சாதனங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். நினைவகத்துக்குரிய பரப்பிலேயே சாதனங்களையும் குடியமர்த்தும் வழக்கம் 1970இல் வந்த பிடிபி-11 கணினியிலேயே உண்டு. அதன் 64 கிலோபைட் பரப்பில் மேல் 8 கிலோபைட் சாதனப் பதிவகங்களுக்குரியது.

1981இன் ஐபிஎம் பிசி, 1 மெகாபைட்டில் 640 கிலோபைட்டுக்கு மேற்பட்டதைத் திரை நினைவகம், பயாஸ், செருகு அட்டைகள் ஆகியவற்றுக்கு விட்டது. எந்த அட்டைக்கு எந்த முகவரி என்பதை ஜம்பரை மாற்றி மனிதரே தீர்மானித்தார். 1992இல் வந்த பிசிஐ இந்தத் தொல்லையை நீக்கியது. அட்டையின் முகவரிப் பதிவகத்தில் எல்லாப் பிட்டுகளையும் 1 என எழுதித் திரும்ப வாசித்தால், அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமென்பது தெரியும். எங்கே வைப்பதென்பதை பயாஸோ கெர்னலோ பார்த்துக்கொள்ளும்.

லினக்ஸின் தொடக்கக் கெர்னல்களில் டிரைவர் முதலில் ‘செக் ரீஜன்’ மூலம் இடம் காலியா என்று கேட்கும். பிறகு ‘ரிக்வெஸ்ட் ரீஜன்’ மூலம் பதியும். இரண்டுக்கும் இடையே இன்னொரு டிரைவர் புகுந்துவிடலாம் என்பதால் முன்னது கைவிடப்பட்டது. 1999இல் லினஸ் டோர்வால்ட்ஸ், மார்ட்டின் மாரெஸ் ஆகியோர் பெயரில் புதிய வள நிர்வாக நிரல் வந்தது. முகவரி எல்லைகள் அதில் ஒரு மரமாக அடுக்கப்பட்டன: பிசிஐ பாலத்துக்குள் அட்டை, அட்டைக்குள் டிரைவர். அந்த மரத்தைக் காட்டுவதே ப்ராக் கோப்பகத்திலுள்ள ஐஓமெம் கோப்பு.

இந்த மரத்துக்கு இல்லாத வலிமையைப் பலர் ஏற்றிச் சொல்வதுண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு நங்கூரமிடும் இடத்தை ஏட்டில் பதிந்தால் கடலில் வேலி எழுவதில்லை. ஏட்டை மதித்து வரும் கப்பலுக்கே அது எல்லை. பதியாமலே ஒரு முகவரியில் எழுதும் நிரலைக் கெர்னலின் மரமும் தடுக்காது.

அதே மரத்தில் சாதனமல்லாத ஒன்றும் இடம்பிடித்தது. பெங்களூரு ஐபிஎம்மின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் ஓடும் கெர்னலிலிருந்தே இன்னொரு கெர்னலைத் தொடக்கும் எரிக் பீடர்மனின் கெக்ஸெக்கின் மேல் உருவாக்கிய விபத்துப் பதிவு வசதியான கேடம்ப், 2005இல் 2.6.13 கெர்னலில் சேர்ந்தது. முதற்கெர்னல் விழுந்தால் பொறுப்பேற்கும் இரண்டாம் கெர்னலுக்கு நினைவகத்தில் முன்கூட்டியே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு மரத்தில் பதியப்படும். விழுந்த பின்னும் சாதனங்கள் பழைய கட்டளைப்படி நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த எழுத்து இப்பகுதியைத் தொடாது.

2008 செப்டெம்பரில் சோதனையிலிருந்த 2.6.27 கெர்னலை ஓட்டிய சில கணினிகளில், இன்டெல்லின் இ1000இ டிரைவர் இயக்கும் வலையமைப்புச் சில்லுகள் செயலிழந்தன. அவற்றின் அழியா நினைவகமே சிதைந்திருந்தது. வரைகலைத் தளம் போன்ற பயனர் நிரல் ஏதேனும், பௌதிக நினைவகத்தை நேரே அணுகவிடும் ‘டெவ் மெம்’ கோப்பின் வழியே சாதன முகவரிக்குள் நுழைந்ததோ என்ற சந்தேகம் எழுந்தது. கடைசியில் அகப்பட்டது கெர்னலுக்குள்ளேயே இருந்த எஃப்ட்ரேஸ் என்னும் தடங்காண் கருவி. தான் திருத்த வேண்டிய செயற்கூறுகளின் முகவரிகளை அது குறித்துவைத்திருந்தது. தொடக்க வேலை முடிந்து விடுவிக்கப்பட்ட நிரலின் மெய்நிகர் முகவரி, பின்னர் அட்டையின் நினைவகத்துக்குக் கொடுக்கப்பட்டது. எஃப்ட்ரேஸ் பழைய குறிப்பைப் பார்த்து அங்கே எழுதியது. பௌதிக முகவரி முறைப்படி பதியப்பட்டிருந்தும் பயனில்லை.

அந்தத் தேடலின்போது பிறந்த அச்சத்திலிருந்து, ஆர்யன் வான் டி வென் எழுதிய தனியுரிமைப் பதிவு 2009இல் 2.6.29 கெர்னலில் சேர்ந்தது. டிரைவர் கேட்டால், அதன் எல்லைக்குள் பயனர் நிரல்கள் டெவ் மெம் வழியே நுழைய முடியாது. எஃப்ட்ரேஸ் போன்ற உள்தவறை இது தடுக்காது. குற்றமற்றவர் மீது விழுந்த சந்தேகத்தால் நல்ல பூட்டு ஒன்று கிடைத்தது என்பதே உண்மை. 2016இல் 4.5 கெர்னல், டிரைவர்கள் பிடித்திருக்கும் எல்லா எல்லைகளுக்கும் இந்தத் தடையை விரிக்கும் தெரிவைத் தந்தது. அதே ஆண்டில் ஐஓமெம் கோப்பிலுள்ள முகவரிகளும் சாதாரணப் பயனரிடமிருந்து மறைக்கப்பட்டன. திருகோணமலையின் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் இன்று அதைத் திறந்தால் சாதனப் பெயர்கள் தெரியும். எண்களைக் காண ரூட் உரிமை வேண்டும்.