அடுக்களைக் கழிவும் மலை நீரும்

மாணவர்களே, வரலாறு என்றவுடன் முடிசூட்டு விழாக்களும் போர்க்களங்களும் நம் நினைவிற்கு வருகின்றன. அடுக்களையில் உருளைக்கிழங்கின் தோலைச் சீவி எறிகிறோமே, அந்தத் தோல் எங்கே போகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நகரம் எவ்வாறு வளர்ந்தது, அதன் நீர்நிலை எவ்வாறு கெட்டது என்பதை அத்தோலைப் பின்தொடர்ந்து சென்றால் நன்றாகவே அறியலாம். இன்று நீலகிரி மலையை முன்னிறுத்தி அவ்வழியே சிறிது தூரம் செல்வோம்.

பாத்திரம் கழுவி நீர் வடியும் இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அங்கணம். திருக்குறளில் அவையறிதல் என்னும் அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. அமிழ்தத்தை அங்கணத்தில் கொட்டுவதை வள்ளுவர் அங்கே உவமையாக ஆள்கிறார். அங்கணம் மறைந்து 'சிங்க்' வந்துவிட்டது. சொல் மாறியதைப் பற்றி நான் வருந்தவில்லை. ஆனால் அதற்குள் போகும் பொருளும் மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். பழைய அங்கணத்தில் வடிந்தது பெரும்பாலும் வெறும் நீரே. அரிசி களைந்த நீரும், மிஞ்சிய கஞ்சியும், காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. மாடு இல்லாத வீட்டின் கழுநீரை மாடு உள்ள வீட்டார் வந்து கேட்டு எடுத்துச் சென்றனர். விருந்து முடிந்தபின் எச்சில் இலையும் மாட்டுக்கே ஆயிற்று. மாடு உண்டது சாணமாயிற்று. சாணம் எருக்குழியை அடைந்தது. எரு கொல்லையில் கத்தரிக்கும் அவரைக்கும் உணவாயிற்று. அவ்வீடுகளில் கழிவு என்று சொல்லி எறிவதற்கு அதிகம் எஞ்சவில்லை.

இனி மலைக்கு வருவோம். தோதவர், படகர், கோத்தர், குறும்பர் முதலியோர் வாழ்ந்து வந்த நீலகிரிக்கு, 1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஏறிச் சென்றார். 1822இல் உதகமண்டலத்தில் அவருடைய கல் வீடு எழலாயிற்று. 1823 முதல் 1825 வரை ஓடை நீரைத் தேக்கி ஓர் ஏரியை அவர் அமைத்தார். அதன்பின் பங்களாக்கள், தேவாலயங்கள், நோயுற்ற படைவீரர்க்கான தங்குமிடங்கள் என்று ஊர் விரிந்தது. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவும் அஃது ஆயிற்று. 1866இல் உதகையும் குன்னூரும் நகராட்சிகள் ஆயின. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் இரயில் வந்தது. இரயில் வந்தால் மக்கள் வருவர். மக்கள் வந்தால் அடுப்புகள் பெருகும் அல்லவா?

உதகையின் நில அமைப்பை மனத்தில் வரைந்து பாருங்கள். ஒரு கிண்ணத்தைப் போன்றது அந்நகரம். வீடுகளும் விடுதிகளும் கிண்ணத்தின் சரிவில் இருக்கின்றன. ஏரி அடியில் கிடக்கிறது. சரிவில் எதைக் கொட்டினாலும் அது அடிக்கே வந்து சேரும். நகரின் நடுவே ஓடி ஏரியில் விழும் கோடப்பமந்துக் கால்வாய், ஒரு காலத்தில் ஏரிக்கு நன்னீர் தந்த ஓடை. நகரம் பெருகப் பெருக, அதுவே சாக்கடை நீரையும் சுமந்து வரலாயிற்று. ஏரியும் சுருங்கியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் பின்னர் அமைந்த இடங்கள் பழைய ஏரியின் பகுதிகளே. எஞ்சிய நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை படர்ந்தது. பிற்காலத்தில் நடுவண் அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் உதகை ஏரியையும் சேர்க்க வேண்டிய நிலை வந்தது.

உணவுத் துணுக்கு நீரைக் கெடுப்பது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். அது நஞ்சன்று, நாம் உண்டதின் மிச்சந்தான். ஆயினும் அது நீரில் கரைந்தவுடன் நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகுகின்றன. அவை சுவாசிக்க நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. எஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் எருவாகின்றன. கொல்லைக்குப் போக வேண்டிய எரு ஏரிக்குப் போனால், பயிரும் ஏரியிலேதான் விளையும்!

இப்பொழுது கடல் கடந்து ஒரு வீட்டுக்குள் நுழைவோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ரசீன் என்னும் ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் இருந்தார். அடுக்களைக் கழிவைத் தொட்டியின் அடியிலேயே அரைத்து நீரோடு அனுப்பிவிடும் ஒரு பொறியை அவர் 1927இல் உருவாக்கினார். 1935இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சில ஆண்டுகளில் இன்சிங்க்கரேட்டர் என்ற பெயரில் அவருடைய நிறுவனம் தோன்றிற்று. ஜெனரல் எலக்ட்ரிக் என்னும் பெரிய நிறுவனமும் 1935இலேயே இத்தகைய பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பொறியின் அமைப்பு எளிமையானது. உள்ளே கூரிய கத்திகள் சுழல்கின்றன என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அடியில் ஒரு தட்டு வேகமாகச் சுழலும். அதன்மீது அசையக்கூடிய இரண்டு உலோகக் கட்டைகள் இருக்கும். சுழற்சியினால் உணவுத் துண்டுகள் வெளிப்புறம் வீசப்பட்டு, சுற்றிலும் அசையாமல் நிற்கும் பல் வளையத்தில் மோதி உரசித் தூளாகின்றன. மைய விலக்கு விசையைப் பற்றி இயற்பியலில் படிக்கிறீர்களே, அதன் வேலைதான் இது. அரைக் குதிரைத் திறன் முதல் ஒரு குதிரைத் திறன் வரையுள்ள மோட்டார் இதற்குப் போதும்.

பொருத்துவதிலே சில நுட்பங்கள் உண்டு. இப்பொறிக்குத் தொட்டியின் வாய் ஏறத்தாழ மூன்றரை அங்குல விட்டம் இருத்தல் வேண்டும். நம் நாட்டுத் தொட்டிகள் பலவற்றின் வாய் அதனினும் சிறியது. ஆகவே வாயை அகலப்படுத்தவோ, தொட்டியையே மாற்றவோ நேரிடும். வாயில் ஒரு வளையத்தைப் பதித்து, நீர் கசியாதபடி சுற்றிலும் மக்கு வைத்து, அடியிலிருந்து திருகாணிகளால் இறுக்குவர். பொறியை அவ்வளையத்தில் மாட்டித் திருகியபின், கீழே வளைந்த குழாயை இணைப்பர். அவ்வளைவில் நிற்கும் நீர் சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் தடுக்கும். நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் நில இணைப்பு இன்றியமையாதது. பொறி ஓடும்போது குளிர்ந்த நீர் தாராளமாக ஓட வேண்டும். வெந்நீர் கூடாது, அதில் உருகிய கொழுப்பு அப்பால் சென்று குழாயில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நம் அடுக்களையின் முருங்கைக்காய்ச் சக்கையும், வாழைத்தண்டு நாரும், கரும்புச் சக்கையும் இப்பொறிக்குப் பகைவர்கள். நார் சுற்றிக்கொண்டால் மோட்டார் நின்றுவிடும். தேங்காய் ஓட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதனை ஊர் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. இண்டியானா மாநிலத்து ஜாஸ்பர் என்னும் சிறு நகரத்தில், வீட்டுக் கழிவைப் பன்றிகளுக்கு இடுவது வழக்கமாக இருந்தது. பன்றிகளிடையே கொள்ளை நோய் பரவவே, 1950இல் அந்நகரம் வீடுதோறும் இப்பொறியைப் பொருத்துவதற்கு ஏற்பாடு செய்தது. உணவுக் கழிவை வண்டியில் சேகரிப்பதையும் கைவிட்டது. நியூயார்க்கு நகரமோ இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே மழைநீரும் சாக்கடை நீரும் பல பகுதிகளில் ஒரே குழாயில் ஓடின. பெருமழையில் அவை நிரம்பி வழிந்தால் அரைத்த உணவெல்லாம் ஆற்றில் சேரும் என்று அஞ்சி, அப்பகுதி வீடுகளில் இப்பொறியைத் தடை செய்திருந்தனர். சோதித்துப் பார்த்த பின்னரே 1997இல் தடை நீங்கியது. இவ்விரண்டு ஊர்களும் ஒரே பொறியைப் பற்றி வெவ்வேறு முடிவு கண்டன. முடிவை நிருணயித்தது, தொட்டிக்கு அப்பாலுள்ள குழாய்.

அப்படியானால் உதகையில் ஒரு வீட்டுத் தொட்டியில் இதனைப் பொருத்தலாமா? குழாயைப் பார்த்த பின்பே விடை சொல்ல வேண்டும். உதகையில் பாதாளச் சாக்கடை உண்டு. ஆனால் எல்லா வீடுகளும் அதனோடு இணைந்தவை அல்ல. மலைச் சரிவில் பல வீடுகளுக்கு மலத்தொட்டியே கதி. அரைத்த உணவை அதற்குள் விட்டால் வண்டல் விரைவில் சேர்ந்து, தொட்டியை அடிக்கடி தூர்வார வேண்டும். குன்னூரிலோ கழிவுநீரின் பெரும்பகுதியைச் சுமப்பது குன்னூர் ஆறு. அவ்வாறு மலையிறங்கி பவானியில் கலக்கிறது. சமவெளியில் பவானி நீரைக் குடிப்பவர்களும் அதில் பயிர் செய்பவர்களும் எத்தனை பேர்! கோடையில் குடிநீர்க் குழாயில் நீர் வருவதே அரிதாகும் மலை நகரத்தில், தோலை அரைத்து அனுப்ப நன்னீரைத் திறந்துவிடுவதும் பொருத்தமாகத் தோன்றவில்லை. நான் இயந்திரத்திற்கு எதிரி அல்லன். நல்ல சாக்கடையும், கசடிலிருந்து எரிவாயு எடுக்கும் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள பெருநகரத்தில் மாடிக் குடியிருப்புகளுக்கு அது உதவக்கூடும். நீலகிரிக்கு, இன்றைய நிலையில், அது வேண்டாம் என்பதே என் கருத்து.

குன்னூரைக் குறிப்பிட்டேன். அங்கே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை நம் மாணவர்களுள் பலர் அறியார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயலானார். அந்தச் சிறு முயற்சியே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை மெக்கரிசன் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்து அரிசி உணவுக்குக் கிடைத்தது கடைசி வரிசைகளில் ஓர் இடம். நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். தீட்டிய அரிசியின் தவிட்டிலும், கழுவிக் கொட்டிய நீரிலும் போய்விட்ட சத்தை எலிகள் காட்டிக் கொடுத்துவிட்டன. கழுநீர் குடித்த மாடு நம்மைவிடப் புத்திசாலி போலும்!

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய சோதனை ஒன்றும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் 1909 முதல் சில வயல்களுக்கு ஆண்டுதோறும் ஒரே வகை எருவை இட்டுப் பயிர் செய்து வந்தனர். ஒரு வயலுக்குத் தொழு எரு, மற்றொன்றுக்கு இரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவுமில்லை. எருவின் வேறுபாட்டால் தானியத்தின் ஊட்டமும் வேறுபடுகிறதா என்று மெக்கரிசனும் கோவையின் வேளாண் வேதியியலார் விஸ்வநாத்தும் சேர்ந்து ஆராய்ந்து, 1926இல் தம் முடிவை வெளியிட்டனர். தொழு எருவில் விளைந்த தானியம் ஊட்டத்தில் மேம்பட்டது என்றனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் அனைவரும் இதை ஏற்கவில்லை; கேள்வி இன்றும் விவாதத்திற்கு உரியதே. ஆயினும் மண்ணுக்குத் திரும்பும் பொருளுக்கும் தட்டில் விழும் உணவுக்கும் தொடர்பு உண்டா என்ற வினாவை, உலகில் முதன்முதல் ஆய்வுக்கூடத்தில் எழுப்பியவர்களுள் இவர்களும் அடங்குவர்.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற தாவரவியல் அறிஞர், நம் உழவர்களின் எருக்குழியைக் கூர்ந்து கவனித்துக் கொண்டிருந்தார். செடி கொடிக் கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, காற்றுப் புகும்படி சில முறை புரட்டினால், மூன்று மாதத்தில் நல்ல மக்கு எரு கிடைக்கும் என்று காட்டினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலால் இந்தூர் முறை உலகெங்கும் பரவியது. தேயிலைத் தோட்டக்காரர்களும் அதில் நாட்டம் கொண்டனர். அவர்கள் நாட்டம் கொண்டதில் வியப்பில்லை. கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும்போது மண்ணின் சத்தும் பெட்டியில் ஏறிக் கப்பலில் போய்விடுகிறதே.

ஆனால் நகரங்கள் இவ்வழியைப் பின்பற்றவில்லை. குன்னூர்க் குப்பை நெடுங்காலமாக ஒட்டுப்பட்டறை என்னும் இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. அடுக்களைத் தோலும் கண்ணாடியும் பழந்துணியும் ஒரே குவியலாயின. அந்நிலையை மாற்றியவர்கள் குன்னூர்வாசிகளான தன்னார்வலர்கள். நகராட்சியும் அவர்களும் கைகோத்து அவ்விடத்தைக் குப்பையைத் தரம் பிரிக்கும் இடமாக்கினர்; எருவும் செய்யலாயினர். சுற்றிலும் செடிகளை வளர்த்து, பார்க்க வருவோர் முகம் சுளிக்காத பூங்காவாகவும் ஆக்கினர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், ஈரக் கழிவு, உலர் கழிவு, தீங்கு தரும் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கும்படி கட்டளையிட்டிருந்தன. எழுதிய விதி எல்லா ஊர்களுக்கும் ஒன்றே. வீட்டு வாசலில் நின்று, "அம்மா, இதை அதில் போடாதீர்கள்" என்று நாள்தோறும் சொல்ல ஆள் கிடைத்த ஊர்கள் சிலவே.

உதகையில் எரு செய்ய விரும்பும் மாணவர்க்கு மலையின் இயல்பு தெரிந்திருத்தல் வேண்டும். குளிரில் மக்குதல் தாமதமாகும். கைப்பிடிக் குவியலில் சூடு நில்லாது. முழங்கால் உயரத்திற்கு மேற்பட்ட குவியலாயின் உள்ளே தானே வெப்பம் உண்டாகும். உதகைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவ மழையும் குவியலை நனைத்துச் சாற்றை அடித்துச் சென்றுவிடும். ஆகவே மேலே ஒரு தகரமாவது வேண்டும். 1961இல் உதகைப் பகுதியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே கிழங்கைக் கழுவிய மண்ணை உருளை பயிரிடும் வயலுக்குக் கொண்டு போகாமல் பூச்செடிக்கு இடுவது நன்று.

கரடியையும் மறந்துவிடக் கூடாது. உணவின் மணம் பற்றிக் கரடிகளும் காட்டெருமைகளும் காட்டுப் பன்றிகளும் குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் இரவில் இறங்கி வருவது அம்மலை மக்களுக்குப் பழகிப்போன காட்சி. வாய் திறந்த குப்பைத் தொட்டிதான் அவற்றை ஊருக்குள் அழைக்கிறது. எருக்குவியலுக்கு உறுதியான மூடியும் தாழும் போட்டு, சோற்றையும் இறைச்சி எலும்பையும் அதில் சேர்க்காமல், ஒவ்வொரு முறையும் மேலே ஓர் அடுக்கு உலர்ந்த சருகையோ மண்ணையோ பரப்பிவிட்டால், மணம் அடங்கிவிடும். நீலகிரியில் சருகுக்கு எங்கும் பஞ்சமில்லை.