சேலம் சென்ற பேருந்து

தெருவோரத்தில் குடியிருக்கும் ஒருவரைக் கண்டால் நம்மில் பலர் முதலில் கேட்பது, "உமக்கு எந்த ஊர்?" என்பதே. பரிவோடு கேட்கும் கேள்விதான் அது. ஆயினும், 'இது உம் ஊரன்று. உமக்குரிய ஊருக்குத் திரும்புவதே முறை' என்னும் தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது. தனி மனிதர் உள்ளத்தில் எழும் இவ்வெண்ணம் ஒரு மாநகரில் அரசின் அறிவிப்பாகவே வெளிவந்ததுண்டு. நம் தமிழ் மண்ணையும் தொட்ட அந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, பம்பாய் நடைபாதைகளில் வாழ்வோரையெல்லாம் அப்புறப்படுத்தி, அவரவர் சொந்த ஊருக்கோ நகருக்கு வெளியிலோ அனுப்பப்போவதாக அறிவித்தார். மழைக்காலத்தில் அக்குடிசைகளில் வாழ்வது மனிதருக்கு ஏற்றதன்று என்பது அவர் கூறிய காரணம். அதே மழைக்காலத்தில் குடிசைகள் இடிக்கப்பட்டன.

சேலத்திலிருந்து 1961இல் அங்குப் பிழைக்கச் சென்ற ஒருவரின் குடிசை ஜூலை 23 அன்று இடிபட்டது. ஊரில் நிலமற்ற கூலியாளாக இருந்து, வறட்சியால் வேலை இழந்தவர் அவர். பம்பாயில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி பெற்றுவந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய அவ்விடத்துக்காக அங்கு ஆதிக்கம் செலுத்திய ஒருவர் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்திருந்தார். அது நூறு நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகை! அவரையும், மனைவியையும், மூன்று பெண் மக்களையும் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினர். மனைவி மக்கள் அங்கேயே தங்க, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய் திரும்பினார். மீண்டும் நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். சொந்த ஊரில் அவருக்குப் பிழைப்பில்லை. பிழைப்பு கிடைத்த நகரிலோ வீடில்லை. இவ்வுண்மையை அந்தப் பேருந்து மாற்றிவிடவில்லை.

நடைபாதைவாசிகளும், உரிமை இயக்கத்தாரும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். சேலத்துத் தொழிலாளியும் மனுதாரர்களுள் ஒருவர். 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினர். வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. போய்வரும் செலவைத் தாங்க இயலாத ஏழைகள் வேலையிடத்துக்கு அருகிலேயே தங்க நேர்வதையும் எடுத்துரைத்தது. எனினும், முறைப்படி அறிவித்துவிட்டு அவர்களை வெளியேற்றலாம் என்றது. மழையை எண்ணி அக்டோபர் 31 வரை தவணை தந்தது. உரிமை ஏட்டில் ஏறியது. உறங்கும் இடம் உறுதியாகவில்லை.

அதே 1985இல் மற்றொரு முயற்சியும் நிகழ்ந்தது. 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனத்தார் நடைபாதைகளுக்கே சென்று, சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். எங்கிருந்து வந்தனர், என்ன வேலை செய்கின்றனர் என்றெல்லாம் கேட்டறிந்தனர். அடுத்த ஆண்டில் பைகுல்லா பகுதி நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்னும் அமைப்பில் ஒன்றுகூடினர். சிறுகச் சிறுகச் சேமித்தனர். தங்களுக்கு வேண்டிய வீட்டின் அளவையும் அமைப்பையும் தாங்களே திட்டமிட்டனர். கையேந்துவோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், கேட்க ஆளிருந்தபோது தம் தேவையைத் தெளிவாகச் சொன்னார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடற்றோர் 17.7 இலட்சம் பேர். அவர்கள் தங்கும் இடங்களாக நடைபாதை, மேம்பாலத்தடி, இரயில் நிலைய மேடை ஆகியவற்றோடு வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளியையும் அக்கணக்கெடுப்பு குறிப்பிடுகிறது. அங்ஙனமாயின் நம் ஆலய முற்றமும் அப்பட்டியலில் அடங்கும். விழா நாளில் அன்னதானம் அளிக்கும் நாம், மறுநாள் இரவு அம்முற்றத்தின் கதவைப் பூட்டிவிடுகிறோம். ஒரு குடிநீர்க் குழாய், பூட்டப்படாத கழிப்பறை, குடும்ப அட்டை பெற எழுதிக்கொள்ள ஒரு முகவரி: இவை ஒரு பங்கின் ஆற்றலுக்கு மீறியவை அல்ல.

எந்த ஊர் என்று கேட்பதில் தவறில்லை. அதற்கு அடுத்ததாக, "இங்கே உமக்கு என்ன வேலை? எது இருந்தால் உமக்கு உதவும்?" என்றும் கேட்டு, மறுமொழி வரும்வரை நின்று செவிமடுப்போம்.